தோட்டப் பள்ளிக்குப் பிள்ளையைத் தந்தவர்கள்

மலாயாத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை நாம் பெரும்பாலும் சட்டத்திலிருந்தே தொடங்குகிறோம். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்ற 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைக் குறிப்பிட்டுவிட்டு, அடுத்த செய்திக்கு நகர்ந்துவிடுகிறோம். சட்டத்தால் வந்தது கொட்டகை. அதற்குள் பிள்ளையை அனுப்பியவர் பெற்றோர்.

விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்றுவிட்டுப் பால்வெட்டச் சென்ற தாய்க்கு, மங்கு துடைக்கவும் கட்டைப்பால் பொறுக்கவும் ஒரு சிறு கை தேவைப்பட்டது. லயத்தில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த மகள் தேவைப்பட்டாள். அந்தக் கையைப் பள்ளிக்கு விட்டுக்கொடுத்துத் தம் மரங்களைத் தாமே ஓடியோடி முடித்த தாய், கல்விக்குத் தம் உழைப்பையே ஈந்தார். (மகனுக்கு விட்டுக்கொடுத்த அளவு மகளுக்கு விட்டுக்கொடுக்கவில்லை என்பதையும் நாம் மறைத்தலாகாது.)

பெற்றோர் ஈடுபாடு என்றதும் இன்று நாம் வீட்டுப்பாடத்தில் உதவுவதையும் பள்ளிக் கூட்டத்திற்கு வருவதையும் எண்ணுகிறோம். எழுத்தறியாத அத்தாய்க்கு முன்னது இயலாது, பின்னதற்கு நேரமில்லை. பழைய வருகைப் பதிவேடு எங்கேனும் மாணவர் கைக்குக் கிடைத்தால், பெயர்களை மட்டும் படித்துவிட்டு மூடிவிடாமல், எந்தப் பிள்ளையின் வரிசையில் விடுபட்ட நாள்கள் குறைவு என்று பார்க்க வேண்டுகிறோம்.