மருந்தின் பெயரும் மருந்தின் விலையும்

மருந்தின் குணத்தை மாணவன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். மருந்தின் வாணிபத்தை அவனுக்கு யார் படிப்பிப்பது? பட்டம் பெற்று வெளியேறியதும் கம்பனிப் பிரதிநிதியே அவனுக்கு ஆசானாகிறான். இலவச மாதிரிகளும் பளபளக்கும் பிரசுரங்களுமே பாடநூல்களாகின்றன. கட்டணம் செலுத்துபவனோ நோயாளி!

இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது மருந்தியற் பேராசிரியர் செனக பிபிலே இதனை நன்குணர்ந்தவர். வணிகப் பெயரை விடுத்துப் பொதுப் பெயரால் மருந்தெழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. இது வெறும் பெயர்ச் சர்ச்சையன்று. பெயரிலேதான் விலை ஒளிந்திருந்தது. பெயரைக் கேட்டு வாங்குபவன் அப்பெயருக்குரியவன் சொன்ன விலையைக் கொடுக்க வேண்டும். பொருளைக் கேட்டு வாங்குபவனோ உலகெங்கும் கேள்விப்பத்திரம் கோரலாம்.

1971 இல் பிபிலேயும், இடதுசாரித் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அரசாங்கத்துக்கு அறிக்கையொன்றை அளித்தனர். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பிபிலே அதன் முதற் தலைவரானார். ஏறத்தாழ 2,100 ஆக இருந்த மருந்துகளின் தொகை 600 அளவுக்குக் குறைக்கப்பட்டது. மூலப்பொருள்களையும் கூட்டுத்தாபனமே மலிவாகத் தருவித்து, உள்நாட்டில் மாத்திரை செய்யும் கம்பனிகளுக்கு வழங்க முற்பட்டது.

இங்கேதான் மோதல் மூண்டது. 1974 இல் நாட்டில் வாந்திபேதி பரவியது. ரெற்றாசைக்கிளின் அவசரமாகத் தேவைப்பட்டது. கூட்டுத்தாபனம் தருவித்த மூலப்பொருளைக் கொண்டு அதனைச் செய்ய பைசர் கம்பனி முன்வரவில்லை என்று, பிபிலேயும் பொருளியலாளர் சஞ்சய லாலும் எழுதிய ஆய்வு கூறுகிறது. மருந்தை ஆகாய மார்க்கமாக அதிக விலைக்குத் தருவிக்க நேர்ந்தது. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் யோசனை எழுந்தபோது, அமெரிக்கத் தூதரே பிரதமரிடம் தலையிட்டாராம், யோசனை கைவிடப்பட்டது. மாத்திரையொன்றுக்காகத் தூதுவர் படியேறுவாரா என ஐயுறும் வாசகர், மாத்திரையின் பின்னே நின்ற இலாபத்தை எண்ணிப் பார்ப்பாராக. எளிய நாடொன்று தன் தேவைக்குத் தானே விலை கேட்கத் துணிந்தமை ஏனைய நாடுகளுக்கும் பரவிவிடும் என்ற அச்சமே பெரிதென நாம் கருதுகிறோம்.

1977 இல் ஆட்சி மாறியது. தனியார் இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில், ஐக்கிய நாடுகளின் பணிநிமித்தம் கயானா சென்றிருந்த பிபிலே அங்கேயே காலமானார். உலக சுகாதார நிறுவனத்தின் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியல் வெளியானதும் அதே 1977 இற்றான். 1982 இல் வங்காளதேசம் தன் மருந்துக் கொள்கையை வகுத்தது. பிபிலே பிறந்த மண்ணிலோ, மருந்துகளை ஒழுங்குபடுத்தும் தேசிய அதிகாரசபைக்கான சட்டம் நிறைவேற 2015 வரை, அவர் மறைந்தபின் 38 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று.