பலகை மாறிய ஆட்டங்கள்

யாழ்ப்பாணத்துச் சிறார் ‘நாயும் புலியும்’ ஆடுதற்குப் பலகையை விலை கொடுத்து வாங்கியதில்லை. திண்ணையிலோ மடத்துத் தரையிலோ கரித்துண்டினாற் கோடு கீறினர்; புளியங்கொட்டையும் சிறு கற்களும் காய்களாயின. நல்லூரிற் கற்ற ஆட்டத்தைப் பருத்தித்துறையில் ஆடுதற்கு எவருடைய உத்தரவும் வேண்டியிருக்கவில்லை. ஆட்டம் என்பது அதன் விதிகளே. தரை அதற்கு இடந் தருவது மாத்திரமே.

சதுரங்கத்தின் வரலாறும் இவ்வுண்மையையே வலியுறுத்தும். பாரத நாட்டிலே தோன்றிய அவ்வாட்டம் பாரசீகம் சென்று, அராபியர் வாயிலாக ஐரோப்பாவை அடைந்தது. செல்லுமிடமெல்லாம் அது அவ்வவ்விடத்துக் கோலத்தை மேற்கொண்டது. யானைக்காய் இங்கிலாந்திலே மேற்றிராணியார் ஆயிற்று. அரசன் அருகில் நின்ற மந்திரி இராணியாகி, பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிற் பலகை முழுவதும் பாயும் வலிமை பெற்றாள். காயின் வடிவும் பெயரும் நடையும் மாறியும் ஆட்டம் அழிந்துபடவில்லை. பலகை மாறியமையே அதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே வியூக விளையாட்டுக் கணினியிற் புகுந்தபோது, நெடுங்காலமாய் நிலவிய இந்தச் சுதந்திரம் குன்றத் தொடங்கிற்று. கணினியில் ஆட்டத்தின் விதிகள் நிரலாக எழுதப்படுகின்றன. அந்நிரல் தனித்து இயங்க வல்லதன்று. கோப்பைத் திறத்தல், திரையிற் படம் வரைதல், ஒலியெழுப்பல் முதலிய யாவற்றுக்கும் இயங்குதளத்தின் உதவியை நாடி நிற்பது. ஓர் இயங்குதளத்திடம் கேட்குமாறு எழுதப்பட்ட நிரலுக்கு மற்றொன்று விடை பகராது. 1995ஆம் ஆண்டில் விண்டோஸ் 95 வெளிவந்தது. அவ்வாண்டிலேயே மைக்ரோசொப்ட் நிறுவனம் விளையாட்டுக்களுக்கென டைரக்ட்எக்ஸ் என்னும் தொகுதியையும் வெளியிட்டது. பெரும்பாலானோர் கைக்கொண்ட தளம் விண்டோஸ் ஆதலின், விளையாட்டு ஆக்குவோர் அதற்கே எழுதினர். 1997ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ அவ்வாறு அமைந்த வியூக விளையாட்டுக்களுட் பெயர் பெற்றது. அப்பிள் நிறுவனத்தின் மாக் கணினியை உடையோரும், 1991ஆம் ஆண்டில் லினஸ் தோர்வால்ட்ஸ் தொடக்கிவைத்த லினக்ஸ் தளத்தைக் கைக்கொண்டோரும் புறத்தே நின்றனர். கரிக்கோட்டில் ஆடிய ஆட்டம் ஒரு நிறுவனத்தின் பெட்டிக்குள் அடைபட்டது.

இத்தகைய தடை நேர்ந்தவிடத்து மனிதர் செய்வது யாது? யாழ்ப்பாணத்தவர்க்கு இதன் விடையைப் பிறர் சொல்லித் தரவேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டு யூன் மாதம் போர் மீண்டும் மூண்டதன்பின், குடாநாட்டிற்கு மின்சாரமும் பெற்றோலும் அற்றுப்போயின. அக்காலத்தில் துவிச்சக்கர வண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பெற்றோலுக்கென ஆக்கப்பட்ட இயந்திரத்தைச் சில துளி பெற்றோலினாற் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டினர். புகை மிக்கது, ஒலி மிக்கது, எனினும் வண்டி ஓடிற்று. ஒன்றுக்கென அமைந்ததை வேறொன்றின் மேல் இயங்கச் செய்தல் என்னும் இவ்வித்தையை, அதே ஆண்டுகளில், உலகின் மறுகோடியிற் கணினி வல்லார் சிலர் வேறொரு துறையிற் பயிலத் தலைப்பட்டனர்.

அவர் கண்ட வழிகள் மூன்று. முதலாவது, ஆட்டத்தைப் புதிதாக ஆக்கிக்கொள்ளுதல். சிட் மையர் ஆக்கிய ‘சிவிலைசேஷன்’ 1991ஆம் ஆண்டில் வெளிவந்து புகழ் பெற்றது. 1995ஆம் ஆண்டில் டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்துக் கணினியியல் மாணவர் மூவர் அதனை யொத்த ‘பிரீசிவ்’ என்னும் ஆட்டத்தைத் தாமே எழுதத் தொடங்கி, எவரும் எடுத்தாளவும் திருத்தவும் உரிமை தந்து வெளியிட்டனர். மாணவர் முயற்சியாய்த் தோன்றிய அது பல நாட்டார் கைப்பட்டு வளர்ந்தது. இது நாயும் புலியும் ஆடுவோர் வழி. ஆயினும் உள்ளபடியே அந்த ஆட்டம் வேண்டுமென்பார்க்கு இவ்வழி பயன்படாது.

இரண்டாவது, உரிமையாளரின் இசைவு பெற்று நிரலை மறு தளத்திற்கு மாற்றி எழுதுதல். 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே ஸ்கொட் டிரேக்கர் என்பார் நிறுவிய லோக்கி நிறுவனம் இதனையே தொழிலாகக் கொண்டது. ‘சிவிலைசேஷன்: கோல் டு பவர்’ என்னும் வியூக விளையாட்டை 1999ஆம் ஆண்டில் லினக்சுக்கு மாற்றி வெளியிட்டமை அதன் முதற்பணி. மாற்றிய ஆட்டங்கள் தரத்திற் குறைந்தனவல்ல. வாங்குவோர் தொகையே குறைந்தது. 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அந்நிறுவனம் மூடப்பட்டது. எனினும் அங்குப் பணியாற்றிய சாம் லன்ரிங்கா வளர்த்த எஸ்.டி.எல். என்னும் துணைநிரல் இன்றும் பல்லாயிரம் விளையாட்டுக்களிற் பயில்கின்றது. மாக் கணினிக்கு இவ்வழி ஓரளவு செழித்தது. ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகம் 2001ஆம் ஆண்டில் மாக் கணினிக்கு வந்தது. இலண்டனிலுள்ள பெரல் நிறுவனம் பல வியூக விளையாட்டுக்களை மாக்குக்கும் பின்னர் லினக்சுக்கும் மாற்றியது.

மூன்றாவது வழியே வியக்கற்பாலது. நிரலைத் தொடாமல், அது பேசும் மொழிக்கு ஒரு துபாசியை அமர்த்துவது அது. 1993ஆம் ஆண்டில் தொடங்கிய ‘வைன்’ என்னும் முயற்சிக்குப் பொப் அம்ஸ்ராட் முதலில் தலைமை தாங்கினார். அடுத்த ஆண்டில் அப்பொறுப்பு அலெக்சாண்டர் யூலியார் என்பாரிடம் சென்றது. விண்டோஸ் நிரல் “ஒரு சாளரம் திற” என்று விண்டோசை நோக்கிக் கேட்கும். வைன் அதனைக் கேட்டு, லினக்ஸ் அறிந்த முறையில் அவ்வேலையைச் செய்வித்து, விண்டோஸ் தந்திருக்கும் விடையையே திருப்பித் தரும். இது கணினிக்குள் வேறொரு பொய்க்கணினியைப் படைக்கும் போலியாக்கம் அன்று. ‘போலியாக்கி அன்று’ என்பது வைன் என்னும் பெயரிலேயே அடங்கிய பொருள்.

இப்பணி எளிதன்று. விண்டோசின் மூலநிரல் இவர்க்குக் கிடைக்கவில்லை. எனவே சிறு சோதனை நிரல்களை எழுதி, இவ்வினாவிற்கு விண்டோஸ் யாது விடை தருகின்றது எனக் கண்டு, அவ்வாறே செய்தனர். விண்டோசிலுள்ள பிழைகளை நம்பி எழுதப்பட்ட நிரல்களும் உளவாதலின், பிழைகளையும் பிழையாமற் பின்பற்ற நேர்ந்தது. பதினைந்து ஆண்டு உழைப்பின் பின்னர், 2008ஆம் ஆண்டு யூன் மாதத்தில் வைன் முதலாம் பதிப்பு வெளிவந்தது. இடையில், தொழில் நிறுவனங்கள் பொதுவுழைப்பை எடுத்துக்கொண்டு தம் திருத்தங்களைத் திருப்பித் தாராமை பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தது. 2002ஆம் ஆண்டில் உரிமப்பத்திரம் மாற்றப்பட்டு, வைனைத் திருத்தி வெளியிடுவோர் அத்திருத்தங்களையும் பொதுவில் வைத்தல் வேண்டும் என்னும் நியதி வகுக்கப்பட்டது. இவ்வொரு நியதியே பின்வந்த வளர்ச்சிக்குக் கால்கோளாயிற்று.

வியூக விளையாட்டுக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டையும் ஈண்டுக் குறித்தல் தகும். ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ தோன்றிய காலத்திற் பலரிடம் இருந்த தொலைபேசி இணைப்பு நொடிக்கு 28.8 கிலோபிட் அளவே சுமக்க வல்லது. நூற்றுக்கணக்கான வீரர் நிற்கும் இடத்தை யெல்லாம் அதன் வழியே அனுப்புதல் இயலாது. ஆதலால் ஆடுவோர் இட்ட கட்டளைகளை மாத்திரம் அனுப்பி, போரை ஒவ்வொரு கணினியும் தானே கணித்துக்கொள்ளுமாறு அமைத்தனர். இருவர் கணிப்பில் ஒரு தசமதானம் வேறுபட்டாலும் இரு களங்களும் வெவ்வேறு போர்களாகிவிடும், ஆட்டம் முறியும். எனவே துபாசி பொருளை மாத்திரம் சரியாகச் சொன்னாற் போதாது. கடைசி எண்வரை அதனைச் சரியாகச் சொல்லுதல் வேண்டும். 2019ஆம் ஆண்டில் விண்டோசுக்கு வெளிவந்த இரண்டாம் பாகத்தின் புதுப்பதிப்பை லினக்சிலிருந்து ஆடியோர், விண்டோசில் ஆடியோருடன் சேர்ந்தாடியபோது இம்முறிவைக் கண்டனர். கணிதச் செயல்களைத் தரும் ஒரு சிறு கோப்பின் வேறுபாடே காரணம் எனப் பின்னர் அறிந்தனர்.

2018ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் வால்வ் நிறுவனம், வைனை அடிப்படையாகக் கொண்டு கோட்வீவர்ஸ் நிறுவனத்தாருடன் ஆக்கிய ‘புரோட்டன்’ என்பதைத் தன் ஸ்டீம் அங்காடியிற் சேர்த்தது. டைரக்ட்எக்ஸ் வரைபடக் கட்டளைகளை வல்கன் என்னும் பொதுமுறைக்குப் பெயர்ப்பதாகப் பிலிப் றெபோலே எழுதிய நிரலும் அதில் அமைந்தது. நாட்கணக்கிற் கட்டளை வரிகளோடு மல்லாடிச் செய்தது ஒரு சொடுக்கில் நிகழலாயிற்று. 2022ஆம் ஆண்டில் லினக்சில் இயங்கும் ஸ்டீம் டெக் என்னும் கையடக்கக் கணினி வெளிவந்தபின், லினக்ஸ் விளையாட்டாளர்க்கு அந்நியமானது என்னும் பழைய சொல் பொருளிழந்தது.

மாக் கணினியின் கதை வேறு. 2006ஆம் ஆண்டில் அப்பிள் இன்டெல் செயலிக்கு மாறியபோது, மாக்கிலேயே விண்டோசையும் நிறுவும் வசதி கிடைத்தது. 2019ஆம் ஆண்டு ஒக்டோபரில் வந்த இயங்குதளப் பதிப்பு 32 பிட் நிரல்களை ஏற்க மறுத்தது. பணம் கொடுத்து வாங்கிய பழைய ஆட்டங்கள் பல ஒரு புதுப்பித்தலோடு இயங்காதொழிந்தன. 2020ஆம் ஆண்டு நவெம்பரில் தன் சொந்தச் செயலியோடு வந்த மாக்கில் விண்டோசை அவ்வாறு நிறுவும் வசதியும் நீங்கியது. ஆயினும் 2023ஆம் ஆண்டில் விண்டோஸ் விளையாட்டுக்களை மாக்கில் இயக்கிச் சோதித்தற்கு அப்பிள் வெளியிட்ட கருவித்தொகுதி, கோட்வீவர்ஸ் பொதுவில் வைத்த வைன் மூலநிரலையே அடிப்படையாகக் கொண்டது. தன்னார்வலர் எழுதியதை உலகப் பெரு நிறுவனமும் நாடி வந்தமை, 2002ஆம் ஆண்டின் நியதி விளைத்த பயன் என்க.

துபாசி இருத்தலால், லினக்சுக்கெனத் தனியே எழுதுவோர் அருகுவர் எனவும், விண்டோஸ் மொழியே பொதுமொழியாய் நிலைபெறும் எனவும் ஒரு சாரார் வாதிப்பர். அவ்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் லோக்கியின் வரலாறு மறுபுறத்தைக் காட்டும். உரியார் மாற்றித் தருவர் எனக் காத்திருப்போர், அவர் மறுத்தவிடத்தும் மூடியவிடத்தும் வெறுங்கையினராவர். துபாசியோ, நிறுவனம் மறைந்த பின்பும் அதன் ஆட்டத்திற்கு வாய் தருகின்றான்.

நல்லூர் மாணவர்க்கு இவை யெல்லாம் எற்றுக்கு எனின், ஒரு சான்று போதும். 2022ஆம் ஆண்டு ஏப்ரிலில் ‘ஏஜ் ஒவ் எம்பயர்ஸ்’ இரண்டாம் பாகத்திற்கு வெளிவந்த ‘டைனஸ்டீஸ் ஒவ் இந்தியா’ என்னும் விரிவாக்கத்திலே திராவிடர் ஒரு நாகரிகமாக இடம்பெற்றனர். சுருள்வாள் வீரரும், திரிசடை என்னும் மரக்கலமும், இராசேந்திர சோழன் வரலாற்றைத் தழுவிய போர்த்தொடரும் அதில் உள. ஈழத்தை வென்று கடாரம் வரை கலஞ் செலுத்திய வேந்தன் கதை, சங்கிலியன் தோப்பையும் மந்திரிமனையையும் நாடோறும் கடந்து பள்ளி செல்லும் பிள்ளைக்கு அயலார் கதையன்று. அக்கதையைச் சரியாகச் சொல்லியிருக்கின்றார்களா என ஆராய்தற்கும் முதலில் அதனைத் திறந்து பார்த்தல் வேண்டும். லினக்சுக்கென எழுதப்படாத அவ்வாட்டம், விலையின்றிக் கிடைக்கும் லினக்ஸ் தளத்தை நிறுவிய கணினியிலும் புரோட்டன் வாயிலாக இயங்குகின்றது.

கரிக்கோட்டை மழை அழித்தபோது பிள்ளைகள் மறுநாள் வேறு தரையிற் கோடு கீறினர்; ஏனெனில் விதிகள் அவர்களிடம் இருந்தன. கணினி ஆட்டத்தின் விதிகள் பெட்டிக்குள் மறைந்திருக்க, பெட்டியின் திறவுகோல் பிறர் கையில் இருக்கின்றது. அத்திறவுகோல் இல்லாதவிடத்தும் கதவு திறக்க ஒரு வழி சமைத்தவர், முப்பது ஆண்டுக்கு மேலாகப் பிறர் வினாவிற்கு விடை தேடி எழுதிய வைன் ஆக்குநரே. அவர்தம் மூலநிரல் எவரும் படிக்கக் கிடப்பது. மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் அதனைப் படிப்பதோடு அமையாது, அதில் தம் வரிகளையும் சேர்ப்பராயின், அது அவர் மரபிற்கு இயைந்ததே யாகும்.