திருகோணமலை பற்றிய வாதங்களும் சொல்லப்படாத எடுகோள்களும்

அன்றாட வழக்கில் நிகழும் வாதங்கள் பெரும்பாலும் முழுமையாக எடுத்துரைக்கப்படுவதில்லை. முடிபு சொல்லப்படும், அதற்கு ஒரு காரணமும் காட்டப்படும். அக்காரணத்தையும் முடிபையும் பிணைக்கும் பொதுவிதி மட்டும் பேசுவோர் உள்ளத்திலும் கேட்போர் உள்ளத்திலும் மறைந்து நிற்கும். திருகோணமலைக் கரையோரத்து மீனவர் ஒருவர், "வாடை பிறந்துவிட்டது, இனி வெளிக்கடலுக்குப் போகமுடியாது" என்பாராயின், அக்காற்று வீசுங்காலத்துக் கடல் கொந்தளிக்கும் என்பதை அவர் தனியே கூறுவதில்லை. கேட்போரும் அதனை வேண்டுவதில்லை. ஆயின் இதே கூற்றைப் புத்தளக் கரையில் நின்று கூறின் அது வலியிழந்துவிடும். மேலைக்கடல் கொந்தளிப்பது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்திலேயாம். எனவே, சொல்லாமல் விடப்படும் எடுகோள் ஓரிடத்தில் மெய்யாகவும் பிறிதோரிடத்தில் பொய்யாகவும் அமைதல் கூடும் என்பது பெறப்படும்.

இவ்வுண்மையைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில் அறவணவடிகள் அளவையியலை விளக்குமிடத்துப் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்னும் உறுப்புக்கள் பேசப்படுகின்றன. மலையில் நெருப்புண்டு என்பது பக்கம். புகை உண்மையால் என்பது ஏது. இவ்விரண்டோடு நில்லாது, அடுக்களையைப் போல என எடுத்துக்காட்டும் வேண்டப்படுதற்குக் காரணம் யாது? புகையுள்ள இடமெல்லாம் நெருப்புள்ள இடமே என்னும் பொதுவிதி வெளிப்பட்டாலன்றி வாதம் நிறைவுறாது என்பதே. மேனாட்டில் அரிஸ்டோட்டிலும், கேட்போர் தாமே இட்டு நிரப்பிக்கொள்ளும் குறைவாதத்தைப் பற்றி ஆராய்ந்துள்ளார். வரலாறு பயில்வோர்க்கு இந்நெறி எத்துணை இன்றியமையாதது என்பதைத் திருகோணமலை பற்றி வழங்கும் இரண்டு வாதங்களைக்கொண்டு நோக்குவோம்.

"திருகோணமலை உலகின் தலைசிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று, ஆதலால் அதனை உடையவரே இந்துசமுத்திரத்தை ஆள்வர்" என்பது முதலாவது வாதம். தேநீர்க்கடை தொடக்கம் நாடாளுமன்றம் வரை இதனைக் கேட்கலாம். துறைமுகத்தின் ஆழமும் காப்பும் ஐயத்திற்கு இடமற்றவை. ஆயினும் முதற்கூற்றிலிருந்து இரண்டாவது தானே பிறப்பதில்லை. இடையில் இரண்டு எடுகோள்களேனும் மறைந்துள்ளன. துறைமுகத்தின் பெறுமதி காலத்தால் மாறாதது என்பது ஒன்று. துறைமுகத்தை உடையவரிடம் அதனைக் காக்கும் கடற்படையும் உண்டு என்பது மற்றொன்று.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் இத்துறைமுகத்தின்மேல் வேட்கைகொண்டமைக்குத் தக்க காரணம் இருந்தது. சோழமண்டலக் கரையிற் பாய்க்கப்பல்களுக்குக் காப்பான துறை இல்லை. வடகீழ்ப் பருவக்காற்றுத் தொடங்கியதும் சென்னையில் நின்ற ஆங்கிலக் கடற்படை பம்பாய்க்கு விலகவேண்டியிருந்தது. வங்கக்கடலின் வாயிலில், எப்பருவத்திலும் கப்பல்கள் தங்கக்கூடிய துறையாகத் திருகோணமலை விளங்கியது. ஆனால் நீராவிக் கப்பல் வந்தபின் காற்றின் ஆட்சி தளர்ந்தது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் கடல்வழிகள் மாறின. 1867இல் கண்டிவரை சென்ற புகையிரதப் பாதை மலைநாட்டுப் பெருந்தோட்டங்களைக் கொழும்போடு இணைத்திருந்தது. இயற்கைக் காப்புக் குன்றிய கொழும்பில் 1875இல் அலைதடுப்புச் சுவர் கட்டத் தொடங்கி, 1885இல் முடித்தனர். இயற்கை தந்த துறைமுகம் வணிகத்திற் பின்தங்க, மனிதர் கட்டிய துறைமுகம் முன்னேறிற்று. வணிகம் ஆழமான நீரை மட்டும் நாடுவதில்லை. விளைபொருளும் பாதையும் உள்ள பின்னிலத்தையே நாடும் என்பது இதனாற் புலனாகும்.

இரண்டாவது எடுகோளும் வரலாற்றின்முன் நிலைபெறவில்லை. 1782 சனவரியில் ஆங்கிலேயர் இத்துறையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றினர். அதே ஆண்டு ஆகத்துக்குள் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரென் அதனை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டார். அவரும் அதனாற் கடலாட்சி பெற்றாரல்லர். 1783இல் ஏற்பட்ட சமாதானத்தின்படி துறைமுகம் மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. 1795இல் அதனை மறுபடியும் கைக்கொண்ட ஆங்கிலேயர் நூற்றாண்டுக்கு மேல் கடலாட்சி செலுத்தினர் என்பது உண்மையே. ஆனால் துறைமுகம் படையைத் தந்ததா, படை துறைமுகத்தைக் காத்ததா என்ற வினாவுக்கு 1942 விடை கூறிற்று. அவ்வாண்டு பெப்ரவரியிற் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாக்குதலுக்கு அஞ்சித் துறைமுகத்தினின்று முன்னரே வெளியேற்றப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. கீழைக் கடற்படை ஆபிரிக்கக் கரையிலுள்ள கிளிந்தினிக்கு விலகியது. துறைமுகம் பிரித்தானியர் கையிலேயே இருந்தது, கடல் இருக்கவில்லை.

இங்ஙனமிருந்தும் இவ்வாதத்தின் செல்வாக்குக் குறையவில்லை. பிரித்தானியக் கடற்படைத்தளம் 1957இல் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டின் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களில் இத்துறைமுகம் தனியே குறிப்பிடப்பட்டது. சீனன்குடாவின் 99 எண்ணெய்த் தாங்கிகள் பற்றி 2022 சனவரியில் புதிய ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. துறைமுகம் பெறுமதியற்றது என்பது இங்குக் கருத்தன்று. எக்காலத்துக்கு, எவர்க்கு, எதன்பொருட்டுப் பெறுமதியுடையது என்பதை வாதிப்போர் கூறவேண்டும் என்பதே கருத்தாம்.

இரண்டாவது வாதம் இதனினும் பாரதூரமானது. "இவ்விடத்திற் பௌத்த அழிபாடுகள் உள்ளன; ஆதலால் இது சிங்களவர் வாழ்ந்த இடம்" என ஒரு சாரார் கூறுவர். மறுசாராருட் சிலர், "இது தமிழர் வாழ்ந்த இடம், ஆதலால் அழிபாடுகள் பௌத்தமாக இருத்தல் இயலாது" என்பர். இருவரும் எதிரெதிர் நிற்பவர்போலத் தோன்றினும், இருவர்க்கும் அடிப்படையாயுள்ள எடுகோள் ஒன்றே: பௌத்தர் எனின் சிங்களவர், தமிழர் எனின் பௌத்தரல்லர் என்பதே அது. இருவர்க்கும் பொதுவாகலின் அதனை எவரும் வினவுவதில்லை.

திருகோணமலை நகருக்கு வடமேற்கே பெரியகுளத்தருகிலுள்ள வெல்கம் விகாரை இவ்வெடுகோளைத் தகர்க்கின்றது. சோழராட்சிக் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர்பெற்ற அப்பௌத்தப் பள்ளியில், அதற்கு வழங்கப்பெற்ற கொடைகளைக் கூறும் பதினொராம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனங்கள் கண்டெடுக்கப்பட்டுள்ளன. தமிழிற் சாசனம் பொறித்துப் பௌத்தப் பள்ளியைப் போற்றியோர் இம்மாவட்டத்தில் வாழ்ந்தனர். சைவனாகிய முதலாம் இராசராசன் நாகபட்டினத்துச் சூளாமணி விகாரைக்கு ஆனைமங்கலத்தை வழங்கியதும் இதனோடு ஒப்புநோக்கத்தக்கது. அளவையியலை நமக்குக் கற்பிக்கும் மணிமேகலையே தமிழ்ப் பௌத்த காப்பியமன்றோ!

எனினும் இச்சாசனங்களைக்கொண்டு, "ஆதலால் இங்குள்ள பௌத்த எச்சங்கள் யாவும் தமிழருடையன" என முடிப்பின், ஓர் எடுகோளை நீக்கிப் பிறிதொன்றை அவ்விடத்தில் இருத்தியவராவோம். அவ்வாறே, ஏழாம் நூற்றாண்டிற் சம்பந்தர் பதிகம் பாடியமை கோணேசர் கோயிலின் தொன்மைக்குத் தக்க சான்றாகும். பிறர் எவரும் இங்கு வாழ்ந்திலர் என்பதற்குச் சான்றாகாது. இவை யாவற்றின் அடியிலும் இன்னோர் எடுகோள் உண்டு. முன்னர் வந்தோர் எவரோ அவர் வழியினர்க்கே இன்று நிலம் உரியது என்பது அது. ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட கல்வெட்டு அக்காலத்தைப் பற்றியே பேசும். இன்று வயல் உழுவோரும் வலை வீசுவோரும் தத்தம் நிலத்திலும் கரையிலும் வாழும் உரிமை, தமிழராயினும் முஸ்லிம்களாயினும் சிங்களவராயினும், அகழ்வாய்விற் கிடைக்கும் ஓட்டுத்துண்டைப் பொறுத்ததன்று.

ஆகவே, ஒரு வாதத்தைக் கேட்குமிடத்து மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். கூறிய காரணம் மெய்யாயினும் முடிபு பொய்யாதல் கூடுமா? கூடுமெனின், அதனைத் தடுக்க எந்த விதி சொல்லாமற் கொள்ளப்பட்டுள்ளது? அவ்விதிக்கு மாறான சான்று உண்டா? இவ்வினாக்களைப் பிறர் கூற்றின்மேல் தொடுத்தல் எளிது. நாம் விரும்பும் முடிபின்மேலும் தொடுப்பதே அரிது. திருகோணமலையைப் பொறுத்தவரை அவ்வரிய பணியை மேற்கொள்ளாதவர் வரலாறு கூறுகின்றாரல்லர். தம் விருப்பத்தையே வரலாறாகக் கூறுகின்றார்.