லொறிக் கதவில் எழுதியிருந்த பெயர்கள்

ஏ9 வீதியின் வரலாறு என்றால் எங்கட வயதுக்காரர் எல்லாரும் திகதிதான் சொல்லுவம். 1990 இல் பூட்டினது, 2002 இல் திறந்தது, 2006 இல் திரும்பப் பூட்டினது, 2009 இல் யுத்தம் முடிந்த பிறகு படிப்படியாகத் திறந்தது. நாங்களும் இந்தக் கணக்கோடுதான், கொழும்புக்கு லொறி ஓடி இப்ப ஓய்ந்திருக்கிற ஒரு ஐயாவிடம் போனோம். போய்க் கேட்ட முதல் கேள்வியும் அதுதான்: "பாதை பூட்டின பிறகு என்ன செய்தனீங்கள் ஐயா?"

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு சொன்னார்: "பூட்டினதைத்தான் எல்லாரும் கேக்கிறியள் பிள்ளையள். திறந்து கிடக்கேக்க நாங்கள் என்னத்தை ஏத்தினனாங்கள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

அவர் சொன்னது சரி. யாழ்ப்பாணத்துப் புகையிரதத்தைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். 1905 இல் பாதை காங்கேசன்துறை வரைக்கும் வந்தது, 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது என்பதெல்லாம் பொது அறிவுப் புத்தகத்திலேயே இருக்கு. பஸ்ஸுக்கும் ஒரு வரலாறு இருக்கு. 1958 ஜனவரி 1 ஆம் திகதி பண்டாரநாயக்க அரசாங்கம் தனியார் பஸ் கம்பனிகளை எடுத்து இலங்கைப் போக்குவரத்துச் சபையை உருவாக்கியபோது, பஸ் அரசாங்கத்தின் கோப்புகளுக்குள் போய்விட்டது. லொறி அப்படிப் போகவில்லை. அது தொடர்ந்தும் தனியாரின் கையிலேயே இருந்தது. ஒரு குடும்பத்திடம் ஒரு லொறி, கொஞ்சம் வசதியென்றால் மூன்று நான்கு. கணக்கு முதலாளியின்ர கொப்பியில், பாதை றைவரின்ர தலைக்குள். கொப்பி இடப்பெயர்வில் போய்விட்டது. தலைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கு.

எழுத்தில் கிடைப்பது விளம்பரம் மட்டும்தான். நூலகம் இணையத்தளத்தில் இருக்கிற பழைய கோயில் மலர்கள், பாடசாலை மலர்களின் கடைசிப் பக்கங்களுக்குப் போய்ப் பாருங்கோ. அரிசி ஆலை, நகைக்கடை, சுருட்டுக் கொட்டில் விளம்பரங்களுக்கு நடுவில் "லொறி உரிமையாளர்" என்று ஒரு பெயர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு நிற்கும். அந்தப் பக்கங்களைத் தள்ளிக்கொண்டு போய்த்தான் நாங்களும் இவ்வளவு காலம் மலர்களை வாசித்திருக்கிறம்.

சரி, என்னத்தை ஏற்றினார்கள்? புகையிலை, செத்தல் மிளகாய், உருளைக்கிழங்கு, கருவாடு. எல்லாவற்றுக்கும் மேலே சின்ன வெங்காயம். ஐயா இன்னும் கிலோவில் யோசிப்பதில்லை, அந்தரில்தான் சொல்லுவார். ஒரு அந்தர் என்றால் 112 இறாத்தல். அவர் ஓடிய பெட்போர்ட் லொறிக்கு நூறு அந்தர், அதாவது ஐந்து தொன், ஒழுங்கான பாரம். "ஒழுங்கான பாரத்தோட ஆர் தம்பி ஓடினது?" என்று சிரிப்பும்.

1970 தொடக்கம் 1977 வரையான சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கத்தின் காலத்தைப் பொருளியல் பாடத்தில் "இறக்குமதிக் கட்டுப்பாடு" என்று படித்தோம். வெங்காயமும் மிளகாயும் வெளியில இருந்து வராமல் விட்டதால் வலிகாமத்துச் செம்மண்ணில் பயிர் செய்தவர்களுக்கு நல்ல விலை கிடைத்தது என்பதும் தெரியும். ஆனால் அந்த விலை எப்படித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது என்று நாங்கள் யோசித்ததில்லை. சுன்னாகம், திருநெல்வேலி, மருதனார்மடம் பக்கம் பின்னேரம் பாரம் ஏற்றுவார்கள். இரவிரவாக ஓடி, விடியப்புறம் புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் நிற்கவேணும். அங்கே கொமிசன் கடைக்காரர் வித்து, தன்ர கழிவை எடுத்துக்கொண்டு மிச்சத்தை றைவரிடம் கொடுத்துவிடுவார். எட்டுப் பத்துத் தோட்டக்காரரின்ர காசு ஒரு லேஞ்சியில் முடிஞ்சு, சீற்றுக்குக் கீழே வரும். ஆருக்கு எவ்வளவு என்று ஒரு துண்டு. சிலவேளை துண்டும் இல்லை.

"ஒரு சதம் குறைஞ்சால் அடுத்த நாள் என்ர லொறிக்கு ஒருத்தனும் வெங்காயம் போடான்" என்றார். பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துபோன "வெங்காயப் பொருளாதாரம்" இந்த லேஞ்சியில்தான் தொங்கிக்கொண்டிருந்திருக்கு.

அதே காலத்தில் லொறிக்காரருக்கு இன்னொரு முகமும் இருந்தது. 1971 இல் நெல் சந்தைப்படுத்தும் சபை வந்து, பிறகு அரிசித் தட்டுப்பாடு கடுமையானபோது, அரிசியைத் தனியார் இடம்விட்டு இடம் கொண்டுபோகக் கட்டுப்பாடு போட்டார்கள். வன்னியில் விளைந்த அரிசி யாழ்ப்பாணத்துக்கு வர வழியில் சோதனை. வெறும் லொறி திரும்பி வரும்போது வைக்கோலுக்குக் கீழே என்ன இருந்தது என்று கேட்டோம். "வைக்கோல்தான்" என்றார் ஐயா. நாங்கள் அதுக்கு மேல் கேட்கவில்லை.

வாகன இறக்குமதியும் அப்போது இலேசில்லை. அதனால் பழைய பெட்போர்ட்டுகளையே திருப்பித் திருப்பி உயிர்ப்பித்தார்கள். எஞ்சின் ஒரு லொறியில் இருந்து, சில்லு இன்னொன்றில் இருந்து, மரப் பொடி உள்ளூர்த் தச்சரின் வேலை. பொடி கட்டி முடிந்தால் கதவிலும் முன்பலகையிலும் பெயர் எழுதவேணும். குலதெய்வத்தின் பெயர், முதலாளியின் பெயர், சிலவேளை மூத்த மகளின் பெயர். லொறியையும் அந்தப் பெயராலேயே கூப்பிடுவார்கள். றைவரின் பெயர் கதவில் எழுதின லொறி எதையும் தான் கண்டதில்லை என்றார் ஐயா.

முறிகண்டியில் எல்லா லொறியும் நிற்கும். இப்பவும் நிற்கிறது. பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் அடித்து, கற்பூரம் கொளுத்தி, கச்சான் வாங்கிக்கொண்டுதான் ஏறுவார்கள். இதைப் பக்தி என்று மட்டும் நாங்கள் நினைத்திருந்தோம். ஐயாவின் விளக்கம் வேற. நித்திரை முறிக்கிற இடம் அது. போற லொறியும் வாற லொறியும் சந்திக்கிற இடம். புறக்கோட்டையில் இண்டைக்கு என்ன விலை, எங்கே பொலிஸ் நிக்குது, எந்தப் பாலத்தில் தண்ணி ஏறியிருக்கு, ஆரின்ர லொறி எங்கே உடைஞ்சு நிக்குது: எல்லாச் சேதியும் கச்சான் கோதோடு அங்கே கொட்டுப்படும். தொலைபேசி இல்லாத காலத்தில் வடக்கின் சந்தைச் செய்தி நிலையம் ஒரு கோயில் வாசல்.

இன்னொன்றும் சொன்னார், அதை எழுதுவதா விடுவதா என்று எங்களுக்குள் கதைத்தோம். பாரம் ஏற்றி இறக்கியவர்களில் பெரும்பாலானவர்கள் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். சந்தையடித் தேத்தண்ணிக் கடைகளில் அவர்களுக்கு வேற பேணி, சில கடைகளில் உள்ளே இருக்கவும் ஏலாது. 1966 ஒக்டோபரில் சுன்னாகத்தில் தொடங்கிய எழுச்சி ஊர்வலமும் அதுக்குப் பிறகு நடந்த தேநீர்க்கடைப் போராட்டங்களும் இதுக்கு எதிராகத்தான். ஐயா உயர்சாதிக்காரர், இதைப் பெருமையாகவும் சொல்லவில்லை, வெட்கப்பட்டும் சொல்லவில்லை. "ஆனையிறவு தாண்டினால் எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான். திரும்பி வரேக்க ஆனையிறவிலயே பழையபடி" என்றார். அதே லொறியில் வந்த ஆட்கள், ஒரு உப்பளத்தைத் தாண்டியதும் வேற ஆட்கள். எங்களில் ஒருத்தி "நீங்கள் ஏன் ஒண்டும் கேக்கேல்லை ஐயா?" என்றாள். அவர் தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ என்றார்.

1977 இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனவின் அரசாங்கம் சந்தையைத் திறந்துவிட்டது. வெங்காயமும் மிளகாயும் கப்பலில் வரத் தொடங்க, தோட்டக்காரரின் விலை விழுந்தது. ஆனால் புதுசாக லொறி வாங்க வழி வந்தது. ஏற்றப் பாரம் குறைந்த நேரத்தில் ஏற்ற வாகனம் கூடியது.

அதே ஆண்டு ஓகஸ்டில் ஒரு கலவரம். பிறகு 1983 ஜூலை. ஐயா அப்போது புறக்கோட்டையில் பாரம் இறக்கிக்கொண்டு நின்றிருக்கிறார். லொறி எரிந்தது. அவர் ஒரு கடையின் பின்பக்கத்தில் ஒளிந்திருந்து, அகதி முகாமுக்குப் போய், கடைசியில் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்ந்தார். எரிந்த லொறியின் இலக்கத்தை, ஸ்ரீயோடு சேர்த்து, தடங்காமல் சொல்கிறார். அந்த ஓட்டத்தில் அவரோடு கிளீனராக வந்தது மலையகத்துப் பெடியன் ஒருவன். 77 க்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்து குடியேறியவன். அவனுக்கு என்ன நடந்தது?

"அவன் மற்றப் பக்கத்தால ஓடினவன். பிறகு காணேல்லை."

பெயர்?

"சின்னவன் எண்டுதான் கூப்பிடுறது."

கொஞ்ச நேரம் யோசித்தார். வேற பெயர் வரவில்லை.

1990 ஜூனில் யுத்தம் திரும்பத் தொடங்கி, பாதை பூட்டி, பொருளாதாரத் தடை வந்த கதை எங்கட அம்மா அப்பா சொல்லக் கேட்ட கதைதான். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உதிரிப்பாகம் இல்லை, பற்றறி இல்லை. கிளாலிக் கடலால் ஆட்கள் வள்ளத்தில் போய் வந்தார்கள். லொறி ஏற்றியதைச் சைக்கிள் ஏற்றியது. ஓடாத லொறிகள் வளவுகளில் பூவரசுக்குக் கீழே நின்று கறல் பிடித்தன. ஐயா அந்த வருசங்களில் தோட்டம் செய்தார், ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

ஆனால் அதே 1990 இல் நடந்த வேறொன்றை நாங்கள் வேகமாகக் கடந்து போக ஏலாது. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இரும்புக்கடைக்காரரும் தையற்காரரும் மட்டும் இருக்கவில்லை. லொறி வைத்திருந்த முஸ்லிம் முதலாளிகளும் முஸ்லிம் றைவர்மாரும் இருந்தார்கள். ஐயாவுக்கு லொறி பழக்கியதே அங்கே இருந்த ஒருவர்தான். ஒக்டோபர் 30 ஆம் திகதி விடுதலைப் புலிகள் அவர்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வடக்கு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். கொண்டுபோக அனுமதித்தது சொற்பம். வாகனம் அந்தச் சொற்பத்துக்குள் இல்லை. இண்டைக்கு "யாழ்ப்பாணத்து லொறிக்காரர்" என்று யாராவது ஞாபகக் கட்டுரை எழுதினால் அவர்கள் அதுக்குள் வருவதில்லை. எங்கட முதல் வரைவிலும் வரவில்லை. ஐயா தன்ர குருவைப் பற்றிச் சொன்ன பிறகுதான் வந்தார்கள்.

2002 ஏப்ரலில் பாதை திறந்தபோது ஐயாவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. என்றாலும் வேறொருவரின் லொறியில் ஏறினார். ஓமந்தையில் இராணுவச் சோதனை, அதைத் தாண்டினால் புலிகளின் சோதனையும் வரியும், முகமாலையில் திரும்பவும். ஒரு இரவில் ஓடிய தூரத்துக்கு இப்ப நாள்கணக்கு. பொதி இறக்கி ஏற்றுகிற கூலியே வாடகையைத் தின்றது. அந்த ஓட்டங்களில் ஒன்றில் புத்தளத்தில் தேத்தண்ணிக்கு நிற்பாட்டினபோது, கடைக்குள் இருந்து தன்னை யாரோ பழைய பட்டப்பெயரால் கூப்பிட்டார்கள் என்றார். பழக்கியவர் இல்லை, அவருடைய தம்பி. "அண்ணை மௌத்தாகிட்டார். கடைசிவரைக்கும் லொறியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்" என்றாராம். தேத்தண்ணிக்குக் காசு வாங்கவில்லை.

2006 ஓகஸ்டில் பாதை திரும்பப் பூட்டியதோடு ஐயா ஓட்டத்தை விட்டார்.

இப்ப பாதையில் லொறிக்குப் பஞ்சமில்லை. லீசிங்கில் எடுத்த லொறிகள், கம்பனிகளின் விநியோக லொறிகள், தெற்கில் இருந்து மரக்கறி கொண்டுவருகிற லொறிகள். வெங்காயம் புறக்கோட்டை வரைக்கும் போகத் தேவையில்லை, 1999 இல் திறந்த தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தோடு பல ஓட்டங்கள் முடிந்துவிடும். விலை கைத்தொலைபேசியில் வரும், காசு வங்கிக்கு வரும். றைவர் காசு காவத் தேவையில்லை, அது நல்லதுதான். ஐயாவும் அதை நல்லதென்றுதான் சொன்னார். அவருக்கு இருக்கிற ஒரே மனக்குறை சேமலாப நிதி. நாற்பது வருசத்துக்குக் கிட்ட வேலை செய்து, ஒரு முதலாளியும் அவருக்கு ஒரு சதம் கட்டவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லையாம், கலியாணத்துக்குச் செத்தவீட்டுக்கு எல்லாம் உதவினவையாம். அப்படி ஒரு வழக்கமே அப்ப இருக்கேல்லையாம். சட்டம் 1958 இல் இருந்தே இருக்கு என்று நாங்கள் சொன்னோம். "சட்டம் கொழும்பில எல்லோ இருந்தது" என்றார், கொழும்புக்கு ஆயிரம் தரம் போய் வந்த மனுசன்.

வெளிக்கிடும்போது ஒரு படம் காட்டினார். கறுப்பு வெள்ளை, ஓரம் செல்லரித்தது. புதுப் பொடி கட்டின லொறி, மாலை போட்டிருக்கு, முன்னால் முதலாளி குடும்பம். ஐயா கதவைப் பிடித்துக்கொண்டு மெலிஞ்ச ஆளாக நிற்கிறார். பின்பக்கத்தில் படங்குக்கு மேலே இரண்டு பேர் குந்தியிருக்கிறார்கள், ஒருவரின் முகம் பாதிதான் விழுந்திருக்கு. அது சின்னவனா என்று கேட்டோம். இல்லையாம், அவன் வர முந்தின காலமாம். அப்ப ஆர் என்று கேட்டதுக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், மனைவியையும் கூப்பிட்டுக் காட்டினார்.

உங்கட வீடுகளிலும் இப்படி லொறிப் படம் ஏதும் இருக்கும். இருந்தால் எடுத்து, படங்குக்கு மேலே இருக்கிறவை ஆர் என்று வீட்டில் கேட்டு எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. முதலாளியின்ர பெயர் எங்களிடம் இருக்கு, மலர்களின் கடைசிப் பக்கத்தில்.