பிரெஞ்சு நாட்டுப்புற வீடுகள் மீண்ட வரலாறு



வரலாறு என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண் முன் தோன்றுபவை யாவை? கோட்டைகள், அரண்மனைகள், போர்க்களங்கள். பிரெஞ்சு நாட்டு வரலாற்றைப் பள்ளியில் படித்தவர்கள் வெர்சாய் அரண்மனையையும் பாஸ்டில் சிறைச்சாலையையும் மறந்திருக்கமாட்டார்கள். ஆனால், அந்நாட்டு மக்களுள் பெரும்பாலோர் அரண்மனையிலும் வாழ்ந்ததில்லை, சிறையிலும் கிடந்ததில்லை. 1846-ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கின்படி நால்வரில் மூவர் நாட்டுப்புறத்தில்தான் வாழ்ந்தார்கள்.

அவர்கள் வாழ்ந்த வீடு எப்படிப்பட்டது? அதன் பக்கத்தில் நின்ற களஞ்சியம் எதற்குப் பயன்பட்டது? அவை ஏன் பாழாயின? பிறகு அவற்றை மீட்டவர்கள் யாவர்? இவற்றையே இன்று நாம் பார்க்கப் போகிறோம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய வீட்டை மழையும் காற்றும் கெடுத்தது ஒரு பங்கு என்றால், புதுப்பிக்கிறேன் என்று புறப்பட்டவர்கள் கெடுத்ததும் ஒரு பங்கு. காரணம் அன்பின்மை அன்று, அறியாமை.

முதலில் வீட்டைப் பார்ப்போம். அந்தக் காலத்தில் கட்டடப் பொருள்களைத் தொலைவிலிருந்து கொண்டுவர உழவனிடம் பணம் இல்லை. காலடியில் எது கிடைத்ததோ அதுவே வீடாயிற்று. பிரித்தானி, லிமூசேன் பகுதிகளில் கருங்கல்; நார்மண்டியிலும் அல்சாசிலும் ஓக் மரச் சட்டங்களுக்கிடையே வைக்கோல் கலந்த களிமண்; லியோன் நகரைச் சுற்றிய ஊர்களில் பலகைகளுக்கிடையே இடித்து இறுக்கிய வெறும் மண். பெரிகோர் பகுதியில் கூரையைக்கூடத் தட்டைக் கற்களால் வேய்ந்தார்கள். அத்தகைய கூரையின் ஒரு சதுர மீட்டர் பரப்பு பல நூறு கிலோ எடையுள்ளது. அதைத் தாங்கும் மரச் சட்டம் எவ்வளவு வலிமையாக இருந்திருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

கற்சுவர் அரை மீட்டருக்குக் குறையாத கனமுடையது. உள்ளும் புறமும் இரண்டு வரிசைக் கற்கள். நடுவே சில்லுக் கற்களும் மண்ணும். கற்களை இணைப்பது களிமண் சாந்து அல்லது சுண்ணாம்புச் சாந்து. அடித்தளம் ஆழமில்லாதது. ஆகவே நிலத்தின் ஈரம் சுவரில் ஏறும்; ஏறிய ஈரம் சாந்தின் வழியே வெளியேறிக் காற்றில் கலந்துவிடும். இதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நடந்த கேடுகளுக்கெல்லாம் விளக்கம் இதில்தான் இருக்கிறது.

அடுத்தது களஞ்சியம். பல பண்ணைகளில் வீட்டைவிடக் களஞ்சியமே பெரிது. வைக்கோல் ஏற்றிய வண்டி அப்படியே உள்ளே நுழையும்படி உயர்ந்த கதவு. நடுவே கதிரடிக்கும் களம். நம்மவர் திறந்த வெளியில் செய்யும் வேலையை, மழையும் குளிரும் மிகுந்த அந்த நாட்டில் கூரையின் கீழ், குளிர் காலத்தில், தடிகளைக் கொண்டு செய்தார்கள். கீழே மாடுகள், மேலே பரணில் அவற்றின் தீவனம். ஓவெர்ஞ் மலைப்பகுதியில் களஞ்சியத்தைச் சரிவில் கட்டி, மேற்புறத்துச் சாய்வு வழியாக வண்டியை நேரே மேல்தளத்துக்கே ஓட்டிச் சென்றார்கள். வேறு பல பகுதிகளில் வீடும் தொழுவமும் ஒரே கூரையின் கீழ் அமைந்தன. மாடுகளின் உடற்சூடு மனிதருக்கும் உதவியது.

வீட்டுக்குள் வெளிச்சம் குறைவு. ஏன்? குளிர் ஒரு காரணம். வரி இன்னொரு காரணம். 1798-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் குடியரசு கதவுகளுக்கும் சன்னல்களுக்கும் வரி விதித்தது. எண்ணிக்கை கூடினால் வரியும் கூடும். அந்த வரி 1926-ஆம் ஆண்டில்தான் நீங்கியது. களஞ்சியத்துக்கும் தொழுவத்துக்கும் விலக்கு உண்டு. மாட்டுக்குக் காற்று வரியின்றிக் கிடைத்தது. மனிதன் வெளிச்சத்துக்கு வரி கட்டினான்!

இவற்றைக் கட்டியவர் யார்? பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள். ஒருவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். லிமூசேன் பகுதியைச் சேர்ந்த கிரேஸ் மாவட்டத்துக் கொத்தர்கள் ஆண்டுதோறும் வேனில் தொடக்கத்தில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, முந்நூறு கிலோ மீட்டருக்கு மேல் நடந்து பாரிசுக்குப் போய்ப் பிறர் வீடுகளைக் கட்டினார்கள். 1815-இல் பிறந்த மார்த்தன் நாதோ அவர்களுள் ஒருவர். பதினான்கு வயதில் தந்தையோடு நடந்தே பாரிசு சென்றார். கல் சுமந்தார், கல்வியும் கற்றார். 1849-இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். பின்னர் நாடு கடத்தப்பட்டு இங்கிலாந்தில் ஆசிரியராக வாழ்ந்தார். அவர் எழுதிய தன்வரலாற்றால் அந்தக் கொத்தர்களின் வாழ்வு நமக்குத் தெரிகிறது. ஊருக்கு ஊர் வீடு கட்டியவர்களின் சொந்த வீடுகள்தாம் பின்னாளில் முதலில் காலியாயின.

ஏன் காலியாயின? காரணங்கள் பல. நகரத்துத் தொழிற்சாலைகள் இளைஞரை இழுத்தன. 1860-களில் அமெரிக்காவிலிருந்து வந்த பிலாக்செரா என்னும் சிறு பூச்சி திராட்சைக் கொடிகளின் வேரைத் தின்று, மாவட்டம் மாவட்டமாகக் குடும்பங்களை வெளியேற்றியது. பிறகு 1914-ஆம் ஆண்டுப் பெரும்போர் வந்தது. பிரான்சு ஏறத்தாழ 14 இலட்சம் வீரர்களை இழந்தது. அவர்களுள் உழவர் மிகப் பலர். இன்று அந்நாட்டில் எந்தச் சிற்றூருக்குச் சென்றாலும் போரில் இறந்தோரின் பெயர் பொறித்த கல் ஒன்று நிற்கும். ஊரோ சிறியது, பெயர்ப் பட்டியலோ நீண்டது. அந்தப் பெயர்களுக்குரியவர்கள் திரும்பி வந்திருந்தால் எத்தனை கூரைகளுக்கு ஓடு மாற்றியிருப்பார்கள்!

1931-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் முதன்முறையாக நகரத்தார் தொகை நாட்டுப்புறத்தார் தொகையை விஞ்சியது. 1945-க்குப் பின் டிராக்டரும் அறுவடை இயந்திரமும் பெருகின. பழைய களஞ்சியத்தில் அவை நுழையவில்லை. பக்கத்தில் இரும்புக் கொட்டகை எழுந்தது. ஓக் மரக் களஞ்சியம் வெறுமையாயிற்று. ஓர் ஓடு உடைந்தால் மழை உள்ளே வரும். மழை வந்தால் விட்டம் அழுகும். விட்டம் அழுகினால் சுவர் சாயும். ஓர் ஓட்டை மாற்ற ஆளில்லாததால் ஒரு களஞ்சியமே விழுந்தது.

அரசு பார்த்துக்கொண்டா இருந்தது? பழைய கட்டடங்களைக் காப்பதில் பிரான்சு முன்னோடி நாடு. எழுத்தாளர் புரோஸ்பர் மேரிமே 1834-இல் வரலாற்றுச் சின்னங்களின் தலைமைக் கண்காணிப்பாளரானார். 1913-இல் விரிவான பாதுகாப்புச் சட்டமும் வந்தது. ஆனால் அவர்கள் தேடிப்போனவை தேவாலயங்களும் கோட்டைகளுமே. உழவன் வீடு அவர்கள் கண்ணில் பெரும்பாலும் படவில்லை.

அந்தக் கண்ணைத் திறந்தவர்களுள் ஒருவர் ழார்ழ் ஆன்ரி ரிவியேர். 1937-இல் பாரிசில் மக்கள் கலைகளுக்கும் மரபுகளுக்குமான அருங்காட்சியகத்தை நிறுவியவர் அவர். இரண்டாம் உலகப் போரின்போது, நாடு செருமானியர் பிடியில் இருந்த வேளையில், வேலையற்றிருந்த இளம் கட்டடக் கலைஞர்களை ஊர் ஊராக அனுப்பினார்கள். அவர்கள் அளவு நாடாவும் வரைதாளும் ஏந்திச் சென்று, 1,500-க்கும் மேற்பட்ட பண்ணை வீடுகளை அளந்து வரைந்தார்கள். அடுப்பு எங்கே, மாட்டுத் தொட்டி எங்கே என்று குறித்தார்கள். நாடே கைவிட்டுப் போயிருந்த நேரத்தில், ஏழை வீட்டின் அளவுகளைச் சிலர் எழுதி வைத்தார்கள். 1965-இல் நாட்டுப்புற வீடுகளைக் காப்பதற்கென்றே ஒரு சங்கம் தோன்றியது. 1966-இல் தொண்டர்களைக் கொண்டு பழைய கட்டடங்களைச் சீரமைக்கும் ராம்பார் என்னும் அமைப்பு ஒன்றுசேர்ந்தது.

இதே காலத்தில் நகரத்தார் விடுமுறை வீடு தேடி நாட்டுப்புறம் வந்தார்கள். பாழடைந்த வீடுகள் மலிவாகக் கிடைத்தன. அவர்கள் ஆர்வத்தோடு வாங்கினார்கள், ஆர்வத்தோடு கெடுத்தார்கள்! எப்படி என்று கேட்கிறீர்களா?

இங்கே சுண்ணாம்பைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். நம் வீட்டுப் பாட்டி வெற்றிலையில் தடவும் அதே சுண்ணாம்புதான். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமிலவாயு நீங்கிவிடும். நீர் ஊற்றினால் கொதித்து நீறும். மணலோடு கலந்து பூசினால், காற்றிலுள்ள கரியமிலவாயுவை மெல்ல மெல்ல உட்கொண்டு மீண்டும் கல்லாகும். ஆனால் அது நுண்துளை உடைய கல். ஈரத்தை வெளியே விடும்; சுவர் சற்று அசைந்தாலும் உடன் அசைந்து கொடுக்கும்.

சிமெண்டின் இயல்பு வேறு. அதன் வரலாற்றிலும் ஒரு பிரெஞ்சுக்காரருக்குப் பங்குண்டு. லூயி விக்கா என்னும் பொறியாளர், சூயாக் ஊரில் தொர்தோஞ் ஆற்றின்மேல் பாலம் கட்டிய காலத்தில், நீருக்குள்ளும் இறுகும் சுண்ணாம்பின் இரகசியத்தை ஆராய்ந்து 1818-ஆம் ஆண்டளவில் வெளியிட்டார். 1824-இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமை பெற்றார். பாலத்துக்கும் அணைக்கும் சிமெண்டு பெருந்துணை. ஆனால் மூச்சு விடும் பழைய சுவரின்மேல் அதைப் பூசினால் என்ன ஆகும்? ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். மேலும் மேலும் ஏறும். சிமெண்டு கெட்டியாக நிற்க, அதன் பின்னால் கல் பொடியும். சுவருக்குள் செருகிய விட்டத்தின் நுனி அழுகும். வெளியே பார்த்தால் வீடு புதியது. உள்ளே அது நோயாளி.

வேறொரு தவறும் நடந்தது. கல் தெரிந்தால் அழகு என்று பலர் பூச்சையெல்லாம் கொத்தி எடுத்தார்கள். சில்லுக் கற்களால் கட்டிய சுவர் பூச்சோடு இருக்கவே கட்டப்பட்டது. சட்டையைக் கழற்றிவிட்டு மழையில் நிறுத்தியதுபோல் ஆயிற்று.

அப்படியானால் முறையான வழி யாது? அனுபவம் கற்பித்த வரிசை இது. முதலில் கூரை. கூரை ஒழுகும்போது தரையில் செய்யும் வேலையெல்லாம் வீண். அடுத்து, சுவரோரம் உயர்ந்துவிட்ட மண்ணை வெட்டித் தாழ்த்தி, மழைநீருக்கு வழி விடவேண்டும். மூன்றாவது மரச் சட்டம். விட்டத்தின் நுனி அழுகினால் விட்டத்தையே வீச வேண்டியதில்லை. கெட்டதை மட்டும் அறுத்துவிட்டுப் புதிய ஓக் மரத்தை ஒட்டுப்போட்டு, மர ஆணியால் இறுக்கலாம். பழைய மூட்டுகளில் உளியால் வெட்டிய ரோமானிய எண்களைக் காணலாம். தச்சர்கள் சட்டத்தைத் தரையில் பொருத்திப் பார்த்து, எண்ணிட்டுப் பிரித்து, பின் மேலே ஏற்றிய அடையாளம் அது. நான்காவதாக, சிமெண்டைக் கொத்தி எடுத்துச் சுவரை நன்றாக உலரவிட்டு, உள்ளூர் மணலும் சுண்ணாம்பும் கலந்து பூசவேண்டும். உலர்வதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அவசரக்காரனுக்குப் பழைய வீடு ஏற்றதன்று.

களஞ்சியம் இன்னும் கடினம். அதன் சிறப்பு அந்த ஒரே பெருவெளி. அதை அறை அறையாகப் பிரித்து, சுவரெங்கும் சன்னல் வைத்தால் களஞ்சியம் மறைந்து ஏதோ ஒரு வீடு நிற்கும். அப்படியே விட்டுவிட்டாலோ, பயனற்ற கட்டடம் விழுந்துவிடும். வண்டிக் கதவின் பெரிய வாயிலுக்குக் கண்ணாடியிட்டு அதன் வழியாகவே வெளிச்சம் பெறுவது பலர் கண்ட நடுவழி. இத்தகைய ஆலோசனைகளை மக்களுக்கு வழங்க மாவட்டந்தோறும் அமைப்புகளை ஏற்படுத்த 1977-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைச் சட்டம் வழி செய்தது.

சில வீடுகளை நின்ற இடத்தில் காக்க இயலவில்லை. அல்சாசில் ஆர்வமுள்ள இளைஞர்கள், இடிக்கப்படவிருந்த மரச்சட்ட வீடுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஊங்கர்ஷைம் ஊருக்கருகே மீண்டும் பொருத்தினார்கள். 1984-இல் அது திறந்தவெளி அருங்காட்சியகமாயிற்று. இன்று அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட கட்டடங்கள் உள்ளன.

இந்த அறிவால் பெரும் பயன் ஒன்றும் விளைந்தது. 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் பாரிசு நோத்ருதாம் தேவாலயத்தின் கூரை எரிந்தது. காடு என்றே பெயர் பெற்றிருந்த அதன் பழைய மரச் சட்டத்தைத் திரும்பச் செய்தபோது, ஓக் மரங்களைக் கைக்கோடரியால் செதுக்கினார்கள். 2024 டிசம்பரில் தேவாலயம் மீண்டும் திறக்கப்பட்டது. கோடரியால் விட்டம் செதுக்கும் கலை முற்றிலும் அழிந்திருந்தால் இது நடந்திருக்குமா? களஞ்சியத்துக்கும் தேவாலயத்துக்கும் தச்சு ஒன்றுதான்.

நேயர்களே, ஒரு பள்ளி ஆசிரியன் என்ற முறையில் என் மனத்தை உறுத்தும் கேள்வி ஒன்று உண்டு. இன்று பிரான்சில் ஏறத்தாழப் பத்து வீடுகளில் ஒன்று விடுமுறைக்கு மட்டும் திறக்கும் வீடு. 1975-க்குப் பின் நாட்டுப்புறத்தின் பல பகுதிகளில் மக்கள் தொகை மீண்டும் கூடியது உண்மைதான். ஆயினும் ஒழுங்காகச் சுண்ணாம்பு பூசி, ஓடு மாற்றி, குளிர் காலமெல்லாம் கதவடைத்துக் கிடக்கும் ஊர்களும் உண்டு. அங்கே வீடு மீண்டது, ஊர் மீண்டதா? பிள்ளைகள் இல்லாத ஊரில் பள்ளி மணி அடிப்பது யாருக்காக?

சுவரை மூச்சு விடச் செய்யச் சுண்ணாம்பு போதும். வீட்டை மூச்சு விடச் செய்ய அதில் வாழும் மனிதர் வேண்டும். நாதோவின் தோழர்கள் முந்நூறு கிலோ மீட்டர் நடந்து பொருள் ஈட்டியது, அடுப்பில் நெருப்பு அணையாத ஒரு வீடு ஊரில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். அந்த நெருப்பு எரியும் வீடே முழுமையாக மீட்கப்பட்ட வீடு.