மலையைப் பிணைத்த கம்பிகள்

மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் செல்லும் சாலையில் மாட்டுப்பட்டி என்றோர் ஊர் உண்டு. மாடுகளை அடைக்கும் பட்டி என்பதே அப்பெயரின் பொருள். அகராதியின் துணை வேண்டாத தமிழ்ப் பெயர் அது. அணையும் ஏரியும் காண அங்குச் செல்வோர் பலர். அவ்வூரின் வரலாற்றைக் கேட்டறிவோர் சிலரே. சங்கத்தின் ஆண்டு மலரைக் கையில் ஏந்தியுள்ள அன்பர்கட்கு அவ்வரலாற்றின் ஒரு கூற்றை எடுத்துரைக்க விழைகின்றேன்.

இக்காலத்தில் யாண்டும் பேசப்படும் பொருள் ஒன்று உண்டு. கருவிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக் கொள்கின்றன. மக்கள் கைப்பேசியால் பிணைக்கப்பட்டுள்ளனர். அவர்தம் பெயர், கூலி, கடன், நோய் யாவும் கணக்காக மாறி எங்கோ ஓரிடத்திற் சேர்கின்றன. இவற்றால் அன்றாட வாழ்வே மாறிவிட்டது என்கின்றனர். உண்மையே. ஆயினும் இது நேற்றுத் தோன்றிய புதுமையன்று.

இருப்புப்பாதையில் ஊழியம் புரிவோர் இதனை எளிதில் உணர்வர். ஒற்றைவழிப் பாதையில் அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் டோக்கன் கருவிகள் இருந்தன. சில பாதைகளில் இன்றும் உள்ளன. அடுத்த நிலையத்தார் இசைவு தந்து தம் கருவியை இயக்கினாலன்றி, இந்த நிலையத்துக் கருவியிலிருந்து குண்டு வெளிவராது. குண்டு கைக்கு வாராமல் ஓட்டுநர் வண்டியை எடுக்க மாட்டார். இரு கருவிகள் கம்பி வழியே பேசுகின்றன. இரு மனிதர் பொறுப்பேற்கின்றனர். நேரமும் எண்ணும் ஏட்டில் பதிகின்றன. கருவி, மனிதர், கணக்கு என்னும் மூன்றும் பிணைந்த அமைப்பு இதுவே. அதன் நோக்கம் உயிர் காத்தல் ஒன்றே. இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு மாட்டுப்பட்டி மலையை அளந்து பார்ப்போம்.

சுமைக்கு வந்த பாதை

1877ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 11ஆம் நாள், பூஞ்ஞாறு அரசர் கண்ணன் தேவன் மலைகளை ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயருக்குக் குத்தகைக்கு அளித்தார். காடு திருத்தப்பட்டது, தேயிலை தழைத்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் மதுரைச் சீமையிலிருந்தும் நம் முன்னோர் கங்காணிகளின் பின்னே மலையேறினர். ஊரில் பெற்ற முன்பணம் பேரேட்டில் பற்றாக ஏறியது. மலைக்கு வந்த ஏழையின் பெயர் முதன்முதல் எழுதப்பட்ட இடம் கடன் கணக்கேயாகும்.

விளைந்த தேயிலையைக் கீழே கொண்டுசெல்ல வேண்டுமே! 1902ஆம் ஆண்டில் மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, பாலாறு வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. சிறு சக்கரம் தண்டவாளத்தில் உருளும். பெருஞ்சக்கரம் சாலையில் உருண்டு வண்டி சாயாமற் காக்கும். எருதுகள் இழுத்துச் செல்லும். 1908இல் அது நீங்கி, இரண்டடி அகலப் பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன. குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் என்று அதற்குப் பெயர். டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்திற் தொங்கிய தேயிலைப் பெட்டிகள் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடி அடிவாரத்தை அடையும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர். அப்பாலும் வண்டியிலேயே அம்மையநாயக்கனூர் இரயில் நிலையம். பின்னர்த் தூத்துக்குடித் துறைமுகமும் கடலும்.

மூணாற்று மலையில் முளைத்த கொழுந்து இங்கிலாந்து நாட்டுக் கோப்பையோடு இவ்வாறு பிணைக்கப்பட்டது. ஆனால் அக்கொழுந்தைப் பறித்தவள் பெரும்பாலும் நடந்தே வந்தாள். ஊரில் தாய் இறந்த செய்தி அவளை அடையப் பல நாட்களாயின. பிணைப்பு முதலில் சுமைக்கு வந்தது. மனிதர்க்குப் பின்னரே வந்தது. இம்மலையின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் முறைமை இது.

வெள்ளம் அறுத்த கம்பி

1924ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மலையாள நாட்டையே உலுக்கிய பெருவெள்ளம் வந்தது. கொல்லம் ஆண்டு 1099 ஆதலின் ‘தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்’ என்று முதியோர் அதனைச் சுட்டுவர். மாட்டுப்பட்டியருகே மண்ணும் மரமும் சரிந்து ஆற்றை அடைக்க, நீர் ஏரியெனத் தேங்கி, பின்பு அடைப்பு உடைந்து மூணாற்று ஊரை அழித்தது என்பர். தண்டவாளமும் பாலங்களும் சிதைந்தன. பதினாறு ஆண்டுகள் ஓடிய அவ்விரயில் மீண்டும் எழவேயில்லை. அதன் மூணாற்று நிலையக் கட்டடம் பிற்காலத்தில் தேயிலை நிறுவன அலுவலகமாயிற்று.

ஈண்டு நெஞ்சை வருத்தும் செய்தி ஒன்று. மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தது 1928இல். மேலே இருந்த பாதை அழிந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னரே கீழ்ப்பாதை அடிவாரத்தை எட்டியது. ஒரே சுமையைச் சுமக்கப் பிறந்த இரு பாதைகளும் ஒருநாளும் ஒன்றையொன்று கண்டதில்லை. அந்தப் போடிப் பாதையும் அகலப்பாதையாக மாற்றும் பொருட்டு 2010ஆம் ஆண்டின் இறுதியில் நின்று, 2023 சூன் 15ஆம் நாளே மீண்டும் போடி வரை வண்டி வந்தது. ஒரு பிணைப்பை அறுக்க ஓர் இரவு போதும். கட்ட ஒரு தலைமுறை வேண்டும்.

எண் பெற்ற மாடும் மனிதரும்

1940இல் பள்ளிவாசலில் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதற்கு நீர் சேர்க்க மாட்டுப்பட்டியில் அணை எழுந்து 1953இல் நிறைவெய்தியது. 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம் வட்டம் கேரளத்தில் நின்றது. 1963இல் இந்திய–சுவிட்சர்லாந்துக் கூட்டுறவால் மாட்டுப்பட்டியில் கால்நடைத் திட்டம் தொடங்கியது. நாட்டுப் பசுவையும் சுவிஸ் காளையையும் கலந்து ‘சுனந்தினி’ என்னும் இனம் உருவாயிற்று. எந்தப் பசு எத்துணைப் பால் கறந்தது, அதன் தந்தை எந்தக் காளை என்று தொடர்ந்து குறித்து, அக்குறிப்பைக் கொண்டே அடுத்த தலைமுறைக் காளையைத் தெரிந்தெடுத்தனர். கணக்கு என்பது வெறும் நினைவன்று, வருங்காலத்தை ஆக்கும் ஆற்றல் என்பதை மாட்டுப்பட்டி மாடுகள் நமக்கு முன்பே கண்டுவிட்டன!

இன்று நாடெங்கும் கறவைப் பசுவின் காதில் மஞ்சள் அட்டை தொங்குகின்றது. அதில் 12 இலக்க எண். பசுவின் உடையவர் கையிலுள்ள ஆதார் அட்டையிலும் 12 இலக்க எண். பட்டியில் நிற்கும் மாட்டையும் லயத்தில் வாழும் மனிதரையும் எங்கோ உள்ள கணிப்பொறி ஒரே வகையால் அறிகின்றது. நகைப்பதற்கு மட்டுமன்று, சிந்திப்பதற்கும் உரிய செய்தி இது.

இனி அன்றாட வாழ்வைக் காண்போம். ‘தந்தி’ என்ற சொல் கேட்டதும் லயத்தில் அழுகுரல் எழுந்த காலம் ஒன்றிருந்தது. அத்தந்தி 2013 சூலையில் நாட்டை விட்டே விடைபெற்றது. 1996 செப்டம்பரில் எழுத்தாளர் தகழி சிவசங்கரப் பிள்ளை கொச்சியில் கேரளத்தின் முதற் கைப்பேசி அழைப்பைப் பேசினார். இன்று கொழுந்துக் கூடை சுமக்கும் தாயின் இடுப்பிலும் கைப்பேசி உண்டு. கயத்தாற்றில் பிறந்த பேரனின் முகத்தைப் பாட்டி அன்றே காண்கின்றாள். இரயிற் சீட்டுக்காக விடியுமுன் வரிசையில் நின்ற துன்பம், 2002 ஆகஸ்டில் இணையவழிச் சீட்டு வந்தபின் பெரிதும் குறைந்தது. இந்நன்மைகளை மறுப்பார் யார்?

நிற்க. இதே பிணைப்பு தடையாகும் இடமும் உண்டு. நியாயவிலைக் கடையில் அரிசி பெற விரல் வைக்க வேண்டும். ஆண்டாண்டாய்க் கொழுந்து பறித்துத் தேய்ந்த விரலைக் கருவி சில வேளை அறிவதில்லை. உழைத்ததற்குச் சான்றான தேய்வே, ஆள் அவரல்லர் என்பதற்குச் சான்றாகி விடுகின்றது! கூலி வங்கிக்குப் போகின்றது. வந்ததென்று அறிவிக்கும் செய்தியோ ஆங்கிலத்தில் வருகின்றது. பிடித்தம் எவ்வளவு என்று அறிய, படித்த மகள் மாலையில் பள்ளியிலிருந்து வரவேண்டும். பழைய பேரேட்டைப் படிக்க அறியாத பாட்டனுக்கும், இன்றைய திரையைப் படிக்க அறியாத பேத்திக்கும் இடையே வேறுபாடு என்ன? ஏடு மாறியது, கணக்கு இன்னும் பிறர் கையிலேயே உள்ளது.

பேசும் மண்

ஆயினும் உயிர் காக்கும் பிணைப்பும் இம்மலையிலேயே பிறந்தது. மூணாற்றில் அந்தோணியார் காலனி என்னும் குடியிருப்பு உண்டு. மண்சரிவை முன்பே கண்ட இடம். அங்கே அமிர்தா பல்கலைக்கழக அறிஞர்கள் சரிவில் ஆழக் குழாய்களை இறக்கி, உணர்கருவிகளைப் பொருத்தினர். மண்ணுள் ஊறும் நீரின் அழுத்தம், மண்ணின் அசைவு, பெய்யும் மழையின் அளவு ஆகியவற்றை அவை அளக்கும். அவ்வளவுகள் கம்பியின்றியே கருவிக்குக் கருவி தாவி, செயற்கைக்கோள் வழியாகக் கொல்லம் மாவட்டத்திலுள்ள பல்கலைக்கழக வளாகத்தை அடையும். 2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் மண்ணின் நீரழுத்தம் உயர்ந்ததைக் கண்டு எச்சரிக்கை விடுத்தனர். மண் பேசியது, கருவி கேட்டது, மனிதர் மனிதருக்கு உரைத்தனர். டோக்கன் கருவியின் அறம் இங்கே மீண்டும் விளங்கக் காண்கின்றோம்.

அண்டையிலுள்ள வால்பாறை மலையிலும் ஒரு நற்சான்று உண்டு. அங்கு யானையால் உயிரிழந்தோர் பலர், யானை அருகிலிருப்பதை அறியாமல் மாலை இருளில் எதிர்ப்பட்டவர்களே. ஆதலின் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் தோழரும், யானை நிற்கும் இடத்தைக் கைப்பேசிச் செய்தியாகத் தொழிலாளர்க்கு அனுப்பும் முறையை அமைத்தனர். கைப்பேசியால் ஏற்றக்கூடிய சிவப்பு விளக்குகளையும் நாட்டினர். செய்தி தமிழிலும் சென்றது, உயிரிழப்புக் குறைந்தது. 2015இல் அவருக்கு விட்லி விருது கிடைத்தது. அத்திட்டத்தின் வெற்றிக்கு விளக்கும் கைப்பேசியும் மட்டும் காரணமல்ல. கேட்பவர் மொழியில் சொன்னமையும் காரணமே.

பெட்டிமுடி இரவு

2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பதினொரு மணியளவில், இராசமலைக்கு அப்பாலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் மாண்டனர். அவருட் பலர் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாற்று வழியினர், நம் உறவினர். பெருமழையால் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் முன்னரே அற்றிருந்தன. உதவி கேட்கக் குரல் இருந்தது. கேட்கச் செவி இல்லை. நடந்து சென்றோர் வாய்ச்சொல்லாலேயே செய்தி வெளிவந்தது. மறுநாட் காலையிலேயே உலகம் அறிந்தது. பெரியவரையில் தற்காலிகப் பாலமும் அடித்துச் செல்லப்பட்டிருந்தமையால் மீட்புப் படை செல்வதும் தாமதமாயிற்று.

அன்பர்களே, எண்ணிப் பாருங்கள். அம்மக்களுள் ஒவ்வொருவருடைய பெயரும் ஏதேனும் ஒரு கணக்கில் இருந்தது. குடும்ப அட்டையில் இருந்தது. வாக்காளர் பட்டியலில் இருந்தது. தோட்டத்துச் செக்ரோலில் இருந்தது. ஆதார் எண் இருந்தது. ஆனால் அவ்விரவில் அவர்களை ஒருவரும் அறிந்திலர். அந்தோணியார் காலனி மண்ணில் கருவி பேசத் தொடங்கிப் பதினோராண்டுகள் ஆகியிருந்தன. பெட்டிமுடி மண் பேசியதைக் கேட்கக் கருவி இல்லை. 1924இன் வெள்ளத்திற்கும் 2020இன் சரிவிற்கும் இடையே 96 ஆண்டுகள். கடைசி லயத்திற்கும் வெளியுலகிற்கும் இடையிலிருந்த தொலைவு மட்டும் அவ்விரவில் குறையவில்லை.

நாம் செய்யத்தக்கவை

2023 சூனில் கேரள அரசு ‘கே–ஃபோன்’ என்னும் கண்ணாடி இழைக் கம்பித் திட்டத்தைத் தொடங்கியது. 2025 சனவரியில் ‘கவசம்’ என்னும் பேரிடர் எச்சரிக்கைச் சங்கு அமைப்பும் தொடங்கப்பெற்றது. வரவேற்போம். ஆயினும் ஒரு பிணைப்பின் வலிமையை வெயில்நாளில் நகரத்தில் அளத்தல் கூடாது. ஆடி மழையில், மின்சாரம் அற்ற இரவில், கடைசி லயத்தில் அளத்தல் வேண்டும். அந்த இரவில் வேலை செய்யும் ஒரு வழி ஒவ்வொரு லயத்திற்கும் வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

எச்சரிக்கை தமிழில் வருதல் வேண்டும். 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டமும் அதன் திருத்தமும், தமிழ்ச் சிறுபான்மையோர் அரசோடு தம் மொழியில் எழுத்துத் தொடர்பு கொள்ள இடந்தருகின்றன. மனுவுக்குரிய மொழி மழை எச்சரிக்கைக்கும் உரியதாகட்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் வாளா இருத்தலும் தகாது. மலையடிவாரத்திலும் பாலக்காட்டிலும் கொச்சியிலும் வாழும் நாம் ஒவ்வொருவரும் லயத்திலுள்ள ஒரு குடும்பத்திற்கேனும் உதவலாம். வங்கிச் செய்தியைப் படித்துப் பொருள் சொல்லலாம். விரல் பதியாத முதியவரை அட்சயா மையத்திற்கு அழைத்துச் சென்று பதிவைப் புதுப்பிக்கலாம். வேண்டிய தொலைபேசி எண்களைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டலாம். மின்கலம் தீர்ந்தாலும் தாள் தீராது. மழை வலுக்கும் இரவில் ‘நலமா?’ என்று ஓர் அழைப்பு விடுக்கலாம். மறுமொழி வாராவிடில் விடியும் வரை காத்திராது அதிகாரிகளுக்கு அறிவிக்கலாம்.

அடுத்த நிலையத்திலிருந்து மணி அடிக்காவிடில் நிலையத்தார் உறங்குவதில்லை. ஏன் அடிக்கவில்லை என்று கேட்கின்றார். மலையின் மேலுள்ள நம் உடன்பிறந்தார்க்கு நாமே அடுத்த நிலையம் என்பதை மறவாதிருப்போமாக.

வாழ்க தமிழ்! வளர்க சங்கம்!