சீனாவில் இணைய நிதியின் எழுச்சி

பணம் செலுத்துதல், சேமித்தல், கடன் கொடுத்தல், முதலீடு செய்தல் ஆகிய காரியங்களை வங்கிக் கிளையையும் குமாஸ்தாவையும் நாடாமல், கணினி வலையின் மூலமாகவும் பிற்காலத்தில் பெரும்பாலும் கைபேசியின் மூலமாகவும் நடத்திக்கொள்ளும் முறைக்கு இணைய நிதி என்று பெயர். இம்முறை பல தேசங்களில் வழங்குவதாயினும், இப்பெயரை 2012-ஆம் ஆண்டில் பொருளாதார விவாதத்திற்குக் கொண்டுவந்தவர் ஷியே பிங் என்ற சீன அறிஞர். கோடிக்கணக்கான எளிய ஜனங்களின் அன்றாட வாழ்க்கையை அது பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைத்ததும், அவர்களுள் லட்சக்கணக்கானோரின் சேமிப்பை விழுங்கியதும் சீன தேசத்தில்தான் ஆகையால், இக்கட்டுரை அத்தேசத்தின் அநுபவத்தையே விவரிக்கிறது.

அங்கே வங்கிகள் பெரும்பாலும் அரசாங்கத்தின் உடைமை. சேமிப்புக்குக் கொடுக்கத்தக்க வட்டிக்கு மத்திய வங்கி நெடுங்காலம் உச்சவரம்பு விதித்திருந்தது. அதனால் குடும்பங்களின் சிறு சேமிப்பு மலிவாகத் திரண்டு, அரசாங்கத்தின் பெருந்தொழில்களுக்குக் கடனாகப் போய்ச் சேர்ந்தது. ஈடு காட்ட நிலமும் கட்டடமும் இல்லாத சிறு வியாபாரியோ வங்கியின் வாசற்படியோடு நின்றுவிட்டான். சேமித்தவனுக்கு நியாயமான வட்டி இல்லை, உழைப்பவனுக்குக் கடன் இல்லை என்ற இவ்விரு குறைகளே இணைய நிதி வேரூன்றிய மண். இதை விட்டுவிட்டு அதனை வெறும் யந்திர விநோதமாகக் கருதுவோர் அதன் சரித்திரத்தைப் பாதியே அறிந்தவராவர்.

தொடக்கம் மிக எளிமையானது. ஹாங்ஜோ நகரத்து அலிபாபா நிறுவனம் 2003-இல் தாவோபாவ் என்னும் இணையச் சந்தையைத் திறந்தபோது, முகமறியாத இருவர் ஆயிரம் மைல் இடைவெளியில் விற்பதும் வாங்குவதும் எவ்வாறு என்ற கேள்வி எழுந்தது. பணம் முந்தினால் சரக்கு வராமற் போகலாம். சரக்கு முந்தினால் பணம் வராமற் போகலாம். ஆகவே, வாங்குபவர் செலுத்திய தொகையை நடுவில் ஒருவர் வைத்திருந்து, சரக்கு வந்து சேர்ந்ததென்று அவர் ஒப்புக்கொண்ட பின்னரே விற்றவருக்குக் கொடுக்கும் ஏற்பாடு தோன்றி, 2004-இல் அலிபே என்ற தனி நிறுவனமாயிற்று. காசுக்கும் நேர்மைக்கும் நாணயம் என்ற ஒரே சொல்லை வழங்கும் நம் பாஷையினருக்கு, அலிபே முதலில் விற்றது இரண்டாம் பொருளைத்தான் என்பது எளிதில் விளங்கும்.

2013 ஜூன் மாதம் 13-ஆம் தேதி, அலிபே தன்னிடம் தேங்கிக் கிடந்த சில்லறை இருப்புகளுக்கு ஒரு வழி செய்தது. யூ-எ-பாவ், அதாவது 'இருப்புத் தொகையின் பொக்கிஷம்' என்ற பெயரில், ஒரு யுவான் வைத்திருப்பவரும் தியன்ஹொங் நிறுவனத்தின் பணச்சந்தை நிதியத்தில் சேரலாம், வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாம் என்றது. அதே ஜூன் மாதத்தில் சீன வங்கிகள் ரொக்கத் தட்டுப்பாட்டால் தவித்து, ஒன்றுக்கொன்று கடன் கொடுக்கும் வட்டியை மிக உயர்த்தியிருந்தன. நிதியம் அந்த வங்கிகளிடமே பணத்தைக் கொடுத்து உயர்ந்த வட்டி வாங்கியது. எனவே, நடப்பு இருப்புக்கு வங்கி நூற்றுக்கு 0.35 வீதமே தந்த காலத்தில், 2014-இன் தொடக்கத்தில் இந்நிதியம் ஆறு வீதத்திற்கு மேல் தந்தது. தன் பணத்தை வங்கியிலிருந்து எடுத்து, இன்னொரு வாசல் வழியாக அதே வங்கிக்கு அதிக வட்டிக்குக் கொடுக்கலாம் என்று சாமானியன் கண்டுகொண்டான். 2018 மார்ச் மாதத்தில் ஏறக்குறைய 1.7 லட்சம் கோடி யுவான் அதில் குவிந்திருந்தது. சேமிப்பு வட்டியின் உச்சவரம்பு 2015 அக்டோபரில் நீங்கியதற்கு இந்த நெருக்குதலும் ஒரு காரணம் என்பது என் துணிபு.

புத்தாண்டில் பெரியோர் சிறுவர்க்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் புராதன வழக்கத்தை 2014-இல் வீசாட் என்னும் செய்திப் பரிமாற்றச் செயலி கைபேசிக்குள் கொண்டுவர, பணத்தைக் கைபேசியால் அனுப்பும் பழக்கம் குடும்பம் குடும்பமாகப் பரவிற்று. கியூஆர் சதுரத்தை அச்சிட்ட காகிதத்தை ஒட்டிவைத்துக் காய்கறிக் கடைக்காரரும் பணம் பெற்றார். 2015 ஜனவரியில் பிரதமர் லி கெச்சியாங் விசையை அழுத்த, வீபேங்க் என்ற இணைய வங்கி ஒரு லாரி ஓட்டுநருக்கு 35,000 யுவான் கடன் வழங்கிற்று. வாசற்படியில் நின்றவனுக்குக் கதவு திறந்தது மெய்யே.

ஆனால் திறந்த கதவின் வழியே வஞ்சகரும் நுழைந்தனர். கடன் தேடுவோரையும் பணம் உடையோரையும் நேராகச் சேர்த்து வைப்பதாகச் சொன்ன இணையத் தளங்களுள் முதன்மையானவற்றில் ஒன்று 2007-இல் ஷாங்காயில் தோன்றியது. பிற்பாடு அத்தகையவை ஆயிரக்கணக்கிற் பெருகின. தரகராக மாத்திரம் இருக்கவேண்டியவை, அசலுக்கும் வட்டிக்கும் தாமே பொறுப்பென்று வாக்களித்தன. 2014 ஜூலையில் தொடங்கிய எஜூபாவ் என்ற தளம், அரசாங்கத் தொலைக்காட்சியிலேயே விளம்பரம் செய்து, ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேரிடம் 5,000 கோடி யுவானுக்கு மேல் திரட்டிற்று. அது காட்டிய தொழில் திட்டங்களிற் பெரும்பாலானவை கற்பனை. புதிதாக வந்தவர் பணமே முன்னவருக்கு வட்டியாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட கணக்கேடுகளை எண்பது பைகளில் அடைத்து, ஹெஃபெய் நகரத்துப் புறப்பகுதியில் ஆறு மீட்டர் ஆழத்தில் புதைத்திருந்தார்கள். இரண்டு மண் தோண்டும் யந்திரங்கள் இருபது மணி நேரம் உழைத்து அவற்றை வெளியே எடுத்தன. தலைவருக்கு 2017-இல் ஆயுள் தண்டனை கிடைத்தது. 2018 கோடைகாலத்தில் தளங்கள் வரிசையாக விழுந்தபோது, முறையிடுவதற்காகப் பெய்ஜிங்கின் நிதித் தெருவுக்கு வந்தவர்களைப் போலீஸார் பஸ்களில் ஏற்றி அகற்றினர். 2020 நவம்பருக்குள் ஒரு தளமும் மிஞ்சவில்லை. திரும்பாத தொகை 80,000 கோடி யுவானுக்கு மேல் என்று கண்காணிப்பு அதிகாரிகளே கூறினர். முதுமைக்கென்று சேர்த்ததை அதில் இழந்தவர்களுக்கு, மூலகாரணமான வங்கி விதிகளைப் பற்றிய விளக்கம் எந்த ஆறுதலையும் தராது.

இளைஞர் பட்ட துன்பம் வேறு விதமானது. வருமானமற்ற கல்லூரி மாணவர்களுக்குக் கைபேசி வாங்கவும் உடை வாங்கவும் கடன் கொடுத்தார்கள். சில மாணவிகளிடம் அவர்களுடைய நிர்வாணப் படங்களையே ஈடாகப் பெற்று, தவணை தவறினால் பகிரங்கப்படுத்துவதாக மிரட்டிய கொடுமை 2016-இல் வெளிப்பட்டது. மறு ஆண்டு இணையக் கடன் தளங்கள் மாணவருக்குக் கடன் கொடுப்பதை அரசாங்கம் தடுத்தது. மானத்தை அடகு கேட்ட இத்தொழிலை நிதித்துறையின் வளர்ச்சி என்று எழுத என் மனம் இடந்தரவில்லை.

அலிபேயின் தாய் நிறுவனமான ஆன்ட், ஹுவாபெய் என்றும் ஜியேபெய் என்றும் இரு வழிகளில் கடன் வழங்க உதவியது. எனினும் அக்கடன்களில் நூற்றில் இரண்டு பங்கே அதன் சொந்தக் கணக்கில் நின்றது, மற்றவை பெரும்பாலும் கூட்டாளி வங்கிகளின் பொறுப்பு. வங்கிகள் அடகுக் கடை மனப்பான்மை கொண்டவை என்று அலிபாபாவை நிறுவிய ஜாக் மா 2020 அக்டோபர் 24-இல் ஷாங்காயில் பேசினார். சில நாட்களிலேயே, 3,400 கோடி டாலருக்கு மேல் திரட்டவிருந்த ஆன்ட்டின் பங்கு வெளியீட்டை நவம்பர் 3-ஆம் தேதி அதிகாரிகள் நிறுத்திவைத்தனர். 2023-இல் அந்நிறுவனத்திற்கு 712 கோடி யுவான் அபராதம் விதிக்கப்பட்டது.

கைபேசிப் பழக்கம் இல்லாத முதியோர் கையில் ரொக்கம் இருந்தும் கடைகளில் வாங்க இயலாமல் திகைத்தனர். ரொக்கத்தை மறுக்கலாகாது என்று மத்திய வங்கி 2018-இலேயே அறிவித்தும் குறை தீரவில்லை; 2024-இல் அரசாங்கம் மீண்டும் வலியுறுத்தியது. சீன வங்கிகளும் சிறு நோட்டுகளையும் காசுகளையும் பைகளில் கட்டி, மீதிச் சில்லறை கொடுப்பதற்காக டாக்சி ஓட்டுநருக்கும் கடைக்காரருக்கும் வழங்கலாயின.